இருபது முழ விட்டம்: சாலொமோனின் மரக் கொள்முதல், ஒரு நிகழ்வு ஆய்வு

எருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயம் என்றதும் பொன் தகடும் வெண்கலத் தூண்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கட்டட வேலை தெரிந்த ஒருவர் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் ஆறாம் அதிகாரத்தை வாசித்தால், அவர் கண் வேறோர் இடத்தில் நிற்கும். ஆலயத்தின் நீளம் 60 முழம், உயரம் 30 முழம், அகலம் 20 முழம். உள்ளே கூரையைத் தாங்கத் தூண் நிறுத்தியதாக ஒரு வார்த்தையும் இல்லை. முழத்தை 45 சென்டிமீட்டர் என்று எடுத்தால் அகலம் 9 மீட்டர். பெரிய முழமான 52.5 சென்டிமீட்டர் என்றால் பத்தரை மீட்டர். கூரையைத் தாங்கும் விட்டம் இரண்டு பக்கமும் சுவரில் உட்கார வேண்டிய அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு விட்டத்துக்கும் 10 முதல் 12 மீட்டர் நீளத்தில், கோணல் இல்லாத மரம் வேண்டும். யூதேயா மலைநாட்டில் அதற்கு வழியில்லை.

ஒரு ராஜா பக்கத்து நாட்டு ராஜாவிடம் மரம் கேட்டு ஆள் அனுப்பியதும், அதற்குக் கோதுமையும் எண்ணெயும் ஆண்டுதோறும் கொடுத்ததும், கடைசியில் ஊர்களையே எழுதிக்கொடுத்ததும் இந்த நீளத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அந்தக் கொள்முதலை அடியிலிருந்து நுனிவரை பார்ப்பதுதான் இந்த ஆய்வு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாலொமோனின் ஆலயத்திலிருந்து உறுதியாக இன்னதென்று சொல்லும்படி கல்லோ மரமோ எதுவும் நம் கையில் இல்லை. கி.மு. 10ஆம் நூற்றாண்டில் அவ்வளவு பெரிய அரசு இருந்ததா என்பதிலேயே அகழாய்வாளர்கள் பிளவுபட்டிருக்கிறார்கள். ஆனால் மரம் பற்றிய விவரங்களில் மட்டும் வேலைத்தளத்தை நேரில் அறிந்தவர்களின் குரல் கேட்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

உள்ளூரில் என்ன மரம் இருந்தது

மரமே இல்லாத நாடு அல்ல அது. மலைகளில் ஓக், கீல மரம், அங்கங்கே அலெப்போ பைன். சமவெளியில் காட்டத்தி. தெற்கே வறண்ட நிலத்தில் வேல மர இனமும் சவுக்கு போலத் தோன்றும் தமரிஸ்கும். எங்கு பார்த்தாலும் ஒலிவ மரம். இவற்றில் பெரும்பாலானவை குட்டையானவை, முறுக்கேறியவை, கிளை பிரிந்தவை. ஓக் உறுதியானதுதான், ஆனால் நீண்ட நேர்மரமாகக் கிடைப்பது அரிது.

சாதாரண மக்கள் வீடுகளுக்கு நம்பியிருந்தது காட்டத்தி. எடை குறைவு, வெட்டினால் மறுபடியும் தழைக்கும். தலையை வெட்டிவிட்டு சில ஆண்டுகள் விட்டால் நேரான போத்துகள் வரும், அவையே கூரைக் கட்டைகளாகும். பழமும் கிடைக்கும். இந்த மரம் எவ்வளவு முக்கியம் என்றால், தாவீதின் அதிகாரிகள் பட்டியலில் தாழ்நில ஒலிவ மரங்களுக்கும் காட்டத்தி மரங்களுக்கும் தனியாக ஒரு விசாரிப்புக்காரன் உண்டு. 1 நாளாகமம் 27ஆம் அதிகாரத்தில் பாகாலானான் என்ற அவன் பெயர்கூட இருக்கிறது.

வீட்டின் அமைப்பே மரத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் உருவாகியிருக்கிறது. இஸ்ரவேல் மலைநாட்டில் அகழ்ந்தெடுத்த இரும்புக்கால வீடுகளில் பலவற்றில் நடுவே கல் தூண் வரிசைகள் உள்ளன. இரண்டு, மூன்று மீட்டர் கட்டைதான் கிடைக்கும் என்றால் அறையை அந்த அளவுக்குள் பிரித்துத்தானே ஆக வேண்டும்? கட்டைகளின் மேல் குறுக்காகக் கிளைகள், அதன்மேல் நாணல், அதன்மேல் மண். மழைக்காலத்தில் மண்ணை இறுக்கக் கல் உருளை. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கினார்கள் என்று மாற்கு எழுதுவது இப்படிப்பட்ட கூரையை மனதில் வைத்துப் படித்தால்தான் சரியாக விளங்கும்.

எலிசா தீர்க்கதரிசியின் காலத்துச் சிறு சம்பவம் ஒன்றும் இங்கே பொருத்தமானது. தீர்க்கதரிசிகளின் கூட்டத்தாருக்கு இடம் போதவில்லை, யோர்தானுக்குப் போய் ஆளுக்கு ஒரு உத்தரம் வெட்டிவந்து வீடு கட்டலாம் என்கிறார்கள். ஆற்றங்கரை மரம், ஆளுக்கு ஒன்று. வெட்டும்போது ஒருவனுடைய கோடரி கழன்று தண்ணீரில் விழுகிறது, அவன் பதறுவது அது இரவல் வாங்கியது என்பதற்காக. அன்றைய சாதாரண மனிதர்களின் கட்டட வேலை எந்த அளவில் நடந்தது என்பது அந்த ஒரு பதற்றத்திலேயே தெரிகிறது.

வெகு காலத்துக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. 1986ல் வறட்சியால் கலிலேயாக் கடலின் நீர் மட்டம் இறங்கியபோது, கினோசார் அருகே சேற்றில் ஒரு பழைய படகு கிடைத்தது. நீளம் 8 மீட்டரைச் சற்றுத் தாண்டும். இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டியது. பலகைகள் பெரும்பாலும் கேதுரு, விலாச் சட்டங்கள் ஓக், ஒட்டுப்போட்ட இடங்களில் பத்துக்கும் மேற்பட்ட வேறு மர வகைகள். வேறொரு படகிலிருந்து கழற்றி எடுத்த மரமும் அதில் உண்டு. கையில் அகப்பட்ட எந்தத் துண்டையும் வீசாத மனிதர்கள் கட்டிய படகு அது.

லீபனோன் மலையில்

கேதுரு லீபனோன் மலைகளில் ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேலே வளர்கிறது. நம் இமயமலைத் தேவதாருவின் நெருங்கிய உறவு. தனியாக நின்றால் குடை போலப் படரும், அடர்ந்த காட்டில் நின்றால் ஒளிக்குப் போட்டியிட்டு நேராக உயரும், 30 மீட்டரைத் தாண்டும். கட்டடத்துக்கு வேண்டியது அந்த அடர்காட்டு மரம்தான். வைரப் பகுதியில் மணமுள்ள பிசின் ஊறியிருப்பதால் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டாது.

சாலொமோனுக்கு முன்பே உலகம் இதைக் கண்டுபிடித்துவிட்டது. எகிப்தின் ஸ்நெஃப்ரு மன்னன் காலத்தில் 40 கப்பல்கள் நிறைய மரம் வந்ததாக பலெர்மோ கல்வெட்டு சொல்கிறது. அவன் மகன் கூஃபுவின் பிரமிடுக்கு அருகே 1954ல் கண்டெடுத்த, 43 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள படகு பெரும்பாலும் கேதுருவால் ஆனது. அதாவது சாலொமோன் ஆள் அனுப்பியபோது லீபனோன் மர வியாபாரத்துக்கு வயது ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல்.

அந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதைக் காட்ட நம்மிடம் அருமையான ஒரு எகிப்தியப் பதிவு இருக்கிறது. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஆமோன் தெய்வத்தின் படகுக்கு மரம் வாங்க வேனாமூன் என்பவன் பிப்லோஸ் துறைமுகத்துக்குப் போன கதை அது. பிப்லோஸ் அரசன் சாக்கர்பாகால் பழைய கணக்குச் சுருள்களை எடுத்துவரச் சொல்லி, உன் அரசனின் முன்னோர்கள் என் முன்னோர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று வாசித்துக் காட்டுகிறான். எகிப்திலிருந்து பொன், வெள்ளிச் சாடிகள், மெல்லிய துணி, 500 பாப்பிரஸ் சுருள், 500 மாட்டுத்தோல், பருப்பு, மீன் எல்லாம் வந்த பிறகுதான் 300 ஆட்களையும் 300 மாடுகளையும் காட்டுக்கு அனுப்புகிறான். வெட்டிய மரங்களைக் குளிர்காலம் முழுக்க மலையிலேயே கிடத்திவிட்டு, கோடையில் கரைக்கு இழுத்து வருகிறார்கள். இது நடந்த செய்தியா கதையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியிருந்தாலும் எழுதியவனுக்கு மரத் தொழில் தெரிந்திருக்கிறது.

ஒப்பந்தம்

இந்தப் பின்னணியோடு 1 இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்துக்கு வருவோம். தீருவின் ராஜா ஈராம், தாவீதின் காலத்திலேயே கேதுரு மரங்களையும் தச்சர்களையும் அனுப்பியவன். சாலொமோன் அந்தப் பழக்கத்தைத் தொடர்கிறான். மரம் வெட்டுவதில் சீதோனியருக்கு (தீருவை ஒட்டிய கடற்கரை மக்கள்) நிகரானவர்கள் எங்களில் இல்லை என்று அவன் வெளிப்படையாக ஒத்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஓங்கி வளர்ந்த மரத்தை உடையாமல், விரிசல் விடாமல், நினைத்த பக்கம் சாய்ப்பது தலைமுறை தலைமுறையாகக் கைக்கு வர வேண்டிய வித்தை. மரத்தோடு அந்த வித்தையையும் சேர்த்துத்தான் அவன் விலைபேசுகிறான்.

கேட்டது இரண்டு மரம்: கேதுரு, தேவதாரு. தேவதாரு என்பது இங்கே தமிழ் வேதாகமத்தின் சொல், இமயமலைத் தேவதாரு அல்ல. இதைச் சைப்ரஸ் என்று பலர் கொள்கிறார்கள், இங்கே நானும் அப்படியே சொல்கிறேன். ஈராம் தன் வேலைக்காரர் மரங்களை மலையிலிருந்து கடலுக்கு இறக்கி, தெப்பங்களாகக் கட்டி, சொன்ன இடத்தில் கொண்டுவந்து அவிழ்த்துக்கொடுப்பார்கள் என்கிறான். அவிழ்க்கிற இடத்தோடு அவன் பொறுப்பு முடிகிறது. அங்கிருந்து சாலொமோனின் பாடு. இன்றைய ஒப்பந்தங்களிலும் சரக்கு கைமாறும் இடத்தை இப்படித்தான் தெளிவாக எழுதிவைப்பார்கள்.

விலை: ஆண்டுதோறும் 20,000 கோர் கோதுமையும் 20 கோர் இடித்தெடுத்த ஒலிவ எண்ணெயும். 2 நாளாகமம் இரண்டாம் அதிகாரம் வாற்கோதுமையையும் திராட்சரசத்தையும் சேர்த்து, எண்ணெயின் அளவையும் பல மடங்கு கூட்டிச் சொல்கிறது. ஒரு கோர் ஏறத்தாழ 220 லிட்டர் என்று வைத்தால் கோதுமை மட்டும் 3,000 டன்னுக்கு மேல். இது பெரிய தொகையா என்று அளந்து பார்க்க 1 இராஜாக்களிலேயே ஒரு கோல் இருக்கிறது. சாலொமோனின் அரண்மனைக்கு நாளொன்றுக்கு மெல்லிய மாவு 30 கோர், மற்ற மாவு 60 கோர் என்று நான்காம் அதிகாரம் சொல்கிறது. ஆண்டுக்கு 32,850 கோர். அப்படியானால் தன் அரண்மனை முழுக்க உண்பதில் ஐந்தில் மூன்று பங்கை அவன் ஒவ்வோர் ஆண்டும் தீருவுக்கு அனுப்புகிறான். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பவர்கள்கூட இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும். கடலோரத் தீருவுக்கு விளைநிலம் குறைவு, இஸ்ரவேலுக்கு நெடுமரம் இல்லை. அவனிடம் இல்லாதது இவனிடம் இருந்தது.

மலையிலிருந்து மலைக்கு

2 நாளாகமம் தெப்பம் வந்து சேர்ந்த துறைமுகத்தைப் பெயர் சொல்கிறது: யோப்பா. தீருவிலிருந்து கடலோரமாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கேதுருவின் எடை தண்ணீரைவிட மிகக் குறைவு என்பதால் மரமே தெப்பமாகும். பிற்காலத்தில் அசீரிய மன்னன் சர்கோனின் கோர்சபாத் அரண்மனையில் செதுக்கிய சிற்பங்கள் இதே கடற்கரையில் மரம் போனதைக் காட்டுகின்றன. குதிரைத்தலை வைத்த படகுகள், உள்ளே அடுக்கிய கட்டைகள், பின்னால் கயிற்றில் இழுபடும் கட்டைகள். அந்தச் சிற்பங்களை இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

கடல் வழி சுலபம். யோப்பாவிலிருந்து எருசலேமுக்கு நேர்கோட்டில் 55 கிலோமீட்டர்தான், ஆனால் கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். பதினொரு மீட்டர் நீளம், நாற்பது சென்டிமீட்டர் சதுரம் என்று ஒரு விட்டத்தைக் கணக்கிட்டால் நன்றாகக் காய்ந்த பிறகும் ஒரு டன் கிட்டத்தட்ட வரும். கடலில் மிதந்து ஊறி வந்த மரம் இன்னும் கனக்கும். அவ்வளவு நீளக் கட்டையை மலைப்பாதையின் வளைவுகளில் திருப்புவது எடையைவிடப் பெரிய தொல்லை. இந்தக் கட்டத்தைப் பற்றி வேதாகமம் ஒன்றுமே சொல்லாமல் கடந்துபோகிறது. பாரம் சுமக்கிறவர்கள் 70,000 பேர் என்ற எண்ணில்தான் அந்த வேதனை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கட்டடத்துக்குள்

ஆலயத்தின் சுவர் கல். உள்ளே நுழைந்தவருக்குக் கல் கண்ணில் படாது, தரை முதல் மேல்தளம்வரை கேதுருப் பலகை. தரையில் சைப்ரஸ் பலகை. பலகைகளில் மொக்குகளும் விரிந்த பூக்களும் செதுக்கப்பட்டிருந்தன. வாசல் கதவுகள் இரட்டை மடிப்புள்ள சைப்ரஸ், அவற்றின் நிலைகள் ஒலிவ மரம். மகா பரிசுத்த ஸ்தலத்தின் கதவுகளும், 10 முழ உயரமுள்ள இரண்டு கேருபீன்களும் (சிறகுள்ள உருவங்கள்) ஒலிவ மரம். ஒலிவத்தின் அடிமரம் குட்டை. ஐந்து மீட்டர் உருவத்தை ஒரே துண்டில் செதுக்க வழியில்லை, பல துண்டுகளை இணைத்துத்தான் செய்திருக்க வேண்டும். நெருக்கமான, கனமான மரம், நுணுக்கமான செதுக்கு வேலைக்கு ஏற்றது. ஆக, நீளத்துக்குக் கேதுரு, மிதிபடுகிற தரைக்குச் சைப்ரஸ், செதுக்குக்கு ஒலிவம். பெருமைக்காக எல்லாவற்றையும் கேதுருவிலேயே செய்துவிடவில்லை.

என்னைக் கட்டிப்போட்டது ஆறாம் அதிகாரத்தின் ஆறாம் வசனம். ஆலயத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மூன்று அடுக்குச் சிறு அறைகள். கீழ் அறை 5 முழ அகலம், நடு அறை 6, மேல் அறை 7. மேலே போகப்போக அறை அகலமாவது ஏன்? ஆலயச் சுவர் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு முழம் மெலிந்துகொண்டே போகிறது. அந்தப் படிமேல் உத்தரங்களை வெறுமனே உட்காரவைத்தார்கள், சுவருக்குள் துளைத்துச் செருகவில்லை. ஆலயச் சுவரில் துளை கூடாது என்பது வேதாகமம் சொல்லும் காரணம். தச்சரைக் கேட்டால் இன்னொரு காரணமும் சொல்வார்: கல்லுக்குள் புதைந்த உத்தரத்தின் முனைதான் ஈரத்தை வாங்கி முதலில் மக்கும். படியில் உட்கார்ந்த முனைக்குக் காற்று கிடைக்கும், கெட்டுப்போனால் சுவரை உடைக்காமல் மாற்றலாம். மெலிந்து போகிற சுவரையும் 5, 6, 7 என்ற அளவுகளையும் வெறும் பக்தியில் கற்பனை செய்ய முடியாது. எங்கோ ஒரு கட்டடத்தைப் பார்த்தவர் எழுதியது இது. சிரியாவின் ஐன் தாராவில் அகழ்ந்தெடுத்த இரும்புக்காலக் கோயிலும் முகமண்டபம், கூடம், உட்கருவறை, மூன்று பக்கம் சுற்றும் நடை என்று இதே அமைப்பைக் கொண்டது. 2018 சனவரியில் நடந்த குண்டுவீச்சில் அந்தக் கோயில் பெரும் சேதமடைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நமக்கிருந்த மிகச் சிறந்த சாட்சி அது.

உட்பிராகாரச் சுவர் மூன்று வரிசை வெட்டுக்கல், ஒரு வரிசை கேதுரு உத்தரம். கல்லுக்கு நடுவே மரம் வைத்தால் நில நடுக்கத்தில் சுவர் சற்று நெகிழ்ந்து கொடுக்கும் என்று பலர் கருதுகிறார்கள். யோர்தான் பிளவை ஒட்டிய நாடு, நியாயமான விளக்கம்தான்.

அரண்மனை

இதே வேலையில் ஆலயத்தைவிட அதிக மரம் தின்றது அரண்மனை. ஆலயம் 7 ஆண்டு, அரண்மனை 13 ஆண்டு. அதில் ஒரு மாளிகைக்குப் பெயரே லீபனோன் வனம்: நீளம் 100 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். பரப்பில் ஆலயத்தின் நான்கு மடங்குக்கும் மேல். ஐம்பது முழத்தைத் தாண்ட எந்த மரத்தாலும் முடியாது. அதனால் இங்கே வேறு வழி: நான்கு வரிசை கேதுருத் தூண்கள், அவற்றின்மேல் கேதுரு உத்தரங்கள். கிரேக்க மொழிபெயர்ப்பில் தூண் வரிசை மூன்று. சாதாரண மனிதன் தன் வீட்டில் கல் தூண் வைத்து அறையைப் பிரித்த அதே உபாயம், ராஜாவின் அளவில். எருசலேமில் கேதுருவைத் தாழ்நிலக் காட்டத்தி போல மலியச் செய்தான் என்று 1 இராஜாக்கள் பத்தாம் அதிகாரம் புகழ்கிறது. எனக்கு அந்த வசனத்தில் புகழோடு சேர்த்து ஒரு செலவுக் கணக்கும் தெரிகிறது.

பணம் எங்கிருந்து வந்தது

இருபது ஆண்டு முடிவில் சாலொமோன் கலிலேயாவில் 20 ஊர்களை ஈராமுக்குக் கொடுத்தான். ஈராம் போய்ப் பார்த்துவிட்டு, சகோதரனே, இவை என்ன ஊர்கள் என்று கேட்டான். 2 நாளாகமம் இதையே தலைகீழாக, ஈராம் சாலொமோனுக்குக் கொடுத்த ஊர்கள் என்று எழுதுகிறது. தங்கள் பெரிய ராஜா கடனுக்காக நிலத்தை விட்டுக்கொடுத்தான் என்பதைப் பின்வந்தவர்களால் ஏற்க முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

கோதுமையையும் நிலத்தையும்விடக் கனமானது ஆள் கணக்கு. 30,000 பேர் கட்டாய ஊழியத்துக்குப் பிடிக்கப்பட்டார்கள், மாதத்துக்குப் பதினாயிரம் பேராக: ஒரு மாதம் லீபனோனில், இரண்டு மாதம் வீட்டில். தலைவன் அதோனிராம். வயல் வேலை நின்றுவிடக் கூடாது என்ற கணக்கு இந்த முறையில் தெரிகிறது. ஆனால் விதைப்பிலோ அறுப்பிலோ அந்த ஒரு மாதம் வந்து விழுந்த குடும்பத்தின் நிலை என்ன? அதே குடும்பத்தின் கோதுமைதான் தீருவுக்கும் போயிற்று. மரத்துக்கு இரண்டு முறை விலை கொடுத்தார்கள் அவர்கள்.

இதன் முடிவும் 1 இராஜாக்களிலேயே இருக்கிறது, நாம்தான் சேர்த்து வாசிப்பதில்லை. யோசேப்பு வம்சத்தாரின் ஊழியத்துக்கு மேற்பார்வையாளனாக இருந்தவன் யெரொபெயாம். சாலொமோன் இறந்ததும், உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை இலகுவாக்கும் என்று மக்கள் ரெகொபெயாமிடம் கேட்டபோது அந்தக் கூட்டத்தோடு நின்றவன் அவன். ரெகொபெயாம் மறுத்துவிட்டு, ஊழியத் தலைவன் அதோராமையே (மேலே சொன்ன அதோனிராம்தான் இவன் என்று பொதுவாகக் கொள்வர்) அவர்களிடம் அனுப்பினான். அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். வடக்கே பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன, யெரொபெயாம் அவர்களுக்கு ராஜாவானான். வரிச் சுமையும் கோத்திரப் பகையும் மற்ற காரணங்களும் இதில் உண்டு. இருந்தாலும் கூட்டத்தின் கல் யார்மேல் விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

பிற்பாடு

மரக் கட்டடத்துக்கு ஓயாமல் பழுது வரும். யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கத் தச்சருக்கும் மரத்துக்கும் பணம் திரட்டினார்கள், யோசியா காலத்தில் மறுபடியும். கேதுருப் பலகை வைத்து ஜாதிலிங்கச் சிவப்பு வர்ணம் பூசிய மாளிகை கட்டி, வேலையாளுக்குக் கூலி கொடுக்காத யோயாக்கீமை எரேமியா கடிந்துகொண்டார். பாபிலோனியர் கி.மு. 586ஐ ஒட்டி ஆலயத்துக்குத் தீ வைத்தபோது, பிசின் ஊறிய அந்தப் பலகைகள் எப்படி எரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் ஆலயத்தை மறுபடி எழுப்பியபோது அதே வழி: சீதோனியருக்கும் தீரியருக்கும் உணவும் பானமும் எண்ணெயும், பதிலுக்குக் கேதுரு, கடல் வழியாக யோப்பாவுக்கு. நடுவில் வேலை நின்றபோது ஆகாய் தீர்க்கதரிசி, மலைக்குப் போய் மரம் கொண்டுவாருங்கள் என்றார். நெகேமியா கோட்டை வாசல் உத்தரங்களுக்கு ராஜாவின் வனக் காவலன் ஆசாப்புக்கு அரச கடிதம் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல விட்டத்தை யாரும் எளிதில் வீசியதில்லை. எருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலில் 1938-42 பழுதுபார்ப்பின்போது இறக்கிய பழைய விட்டங்களில் கேதுருவும் சைப்ரசும் இருந்தன, அவற்றில் சில அந்தப் பள்ளிவாசலைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை.

ரோமர் போருக்குச் சற்று முன்பு அரசன் இரண்டாம் அகிரிப்பா, ஆலயத்தைத் தாங்கி உயர்த்துவதற்காகப் பெரும் செலவில் லீபனோனிலிருந்து நீண்ட நேர் விட்டங்களை வரவழைத்தான். போர் மூண்டதும் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவனான கிஸ்காலா ஊர் யோவான் அவற்றை எடுத்து, உள்நாட்டுச் சண்டைக்குக் கோபுரங்கள் கட்டினான் என்று அந்தக் கால யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். பிறகு முற்றுகை மேடுகளுக்காக ரோமர்கள் எருசலேமைச் சுற்றி 90 ஸ்தாதி தூரம்வரை, அதாவது பதினாறு கிலோமீட்டருக்கு மேல், மரங்களை எல்லாம் வெட்டினார்கள். லீபனோன் காடும் அதற்குள் மெலிந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் பேரரசர் ஹாட்ரியன் அந்த மலைகளில் பாறைக்குப் பாறை எல்லைக் கல்வெட்டு பொறிக்கவைத்தார். இன்றுவரை 200க்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. நான்கு இன மரங்கள் பேரரசருக்கு உரியவை, மற்றவற்றை ஊர்க்காரர் வெட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அவற்றின் ஆணை.